கொழுமியத் திட்டா, கொழுமியப் புணையா?

> கொழுப்புத் திட்டு என்றே வைக்கலாமே. சவ்வில் கொலஸ்ட்ராலும் ஸ்பிங்கோலிப்பிடும் செறிந்த ஓரிடம், அவ்வளவுதானே?

ஐயா, வணக்கம். உயிரணுச் சவ்வில் உள்ள lipid raft என்பதற்கு நீங்கள் முன்வைத்த பெயர் குறித்து எழுதுகிறேன்.

"கொழுப்பு" என்றதும் உடம்பில் சேமித்து வைத்த எரிபொருள்தான் நினைவுக்கு வருகிறது. சவ்வில் இருப்பதன் வேலை வேறு. லிப்பிடுக்குக் கொழுமியம் என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்வோம்.

என் மறுப்பெல்லாம் "திட்டு" மீதுதான். ஆற்றுத் திட்டு இடம் பெயராது. நாம் பேசும் பொருளோ 10 முதல் 200 நானோமீட்டர் அளவில் சவ்வின் ஓட்டத்திலேயே நகர்வது. கூடும், கலையும், தூண்டல் வந்தால் சிறியவை ஒன்றுசேர்ந்து பெரிதாகும். இந்தக் கருத்து பிறந்ததே சிறுநீரக உயிரணுவில்தான். 1958-இல் ஒரு நாயின் சிறுநீரகத்திலிருந்து வளர்த்தெடுத்த எம்.டி.சி.கே. உயிரணுக்களில், குழலின் உட்புறம் பார்த்த சவ்வில் மட்டும் கிளைக்கோலிப்பிடுகள் (சர்க்கரை இணைந்த கொழுமியங்கள்) மிகுந்திருப்பது ஏன் என்ற கேள்வியை ஆய்வாளர்கள் கை (Kai) சைமன்ஸும் கெரிட் வான் மீரும் தொடர்ந்தார்கள். அவை உள்ளேயே கூட்டமாகத் திரண்டு, உரிய புரதங்களையும் ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்ச் சேர்கின்றன என்றார்கள். 1997-இல் சைமன்ஸும் எலினா இகோனெனும் இதை உயிரணுவின் செய்திக் கடத்தலான சமிக்ஞைக்கும் விரித்தார்கள். ஏற்றிச் செல்வதுதான் இதன் உயிர்நாடி. திட்டு எதையும் ஏற்றிச் செல்லாது.

சிறுநீரக வடிகட்டியையே பாருங்கள். அங்கே நுண்குழாய்களைப் பாதம் போன்ற நீட்சிகளால் சுற்றி நிற்கும் போடோசைட் உயிரணுக்களின் பாதங்களுக்கு இடையே உள்ள இடுக்கை நெஃப்ரின் என்ற புரதம் காக்கிறது. போடோசின் என்ற இன்னொரு புரதம் கொலஸ்ட்ராலைப் பற்றிக்கொண்டு நெஃப்ரினை இந்தக் கொழுமியக் கூட்டத்தில் சேர்க்கிறது. அங்கே ஃபின் என்ற நொதி நெஃப்ரினில் பாஸ்பேட்டை ஏற்ற, செய்தி உள்ளிருந்து வடிவம் தரும் ஆக்டின் என்ற புரத இழைகளுக்குப் போகிறது. பாதம் தன் வடிவத்தை இழக்காமல் நிற்கிறது. போடோசின் மரபணு பழுதானால் சிறுநீரில் புரதம் ஒழுகுகிறது, அந்தக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் ஸ்டீராய்டு மருந்தும் பலிப்பதில்லை. இவ்வளவு நடக்கும் களத்துக்கு அசையாத பெயர் பொருந்தவே பொருந்தாது.

ஆகவே கொழுமியப் புணை. புணை என்றால் மிதவை. புணைதல் என்றால் ஒன்றாகச் சேர்தல், கட்டுதல். இரண்டு பொருளும் இங்கே வேண்டும். தெப்பமும் நல்ல சொல்தான், எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் புணைப்புரதம், புணைவழிச் சமிக்ஞை, புணைக்கூடல் என்று கிளைச்சொற்கள் தெப்பத்தில் இவ்வளவு எளிதாக அமையவில்லை. பிணை என்று யாரேனும் தவறாகப் படித்துவிடுவார்களோ என்ற தயக்கம் எனக்கும் உண்டு. முன்னால் கொழுமியம் நிற்கும்போது அந்தக் குழப்பம் வராது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. டிரைட்டன் என்ற சோப்புப் போன்ற வேதிப்பொருளின் குளிர்ந்த கரைசலில் கரையாமல் எஞ்சும் சவ்வுப் பகுதியையும் பலர் இதே பெயரால் குறிக்கிறார்கள். அது கூடாது. குளிர்வித்துக் கரைக்கும்போதே கொழுமியங்கள் இடம் மாறிச் சேர்ந்துவிடலாம்; எஞ்சியதெல்லாம் உயிருள்ள உயிரணுவில் புணையாக இருந்ததாகக் கொள்ள முடியாது. அதற்குக் "கரையாச் சவ்வுக்கூறு" என்று தனிச்சொல் தரலாமா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.