சூப்பர்ஹீரோ ஆட்டத்தில் டெலிபதியால் அறிந்த உண்மை நீதிமன்றத்தில் சான்றாகுமா?

பகடை_உருட்டி (கேள்வி)

எட்டு மாதங்களாக ஒரு சூப்பர்ஹீரோ கேம்பெயினை, அதாவது மேசையைச் சுற்றி அமர்ந்து பகடை உருட்டி ஆடும் தொடர்கதை விளையாட்டை, நடத்தி வருகிறேன். களம் இன்றைய அமெரிக்காவில் உள்ள ஒரு கற்பனை நகரம். நான்கு ஆட்டக்காரர்களில் ஒருவருடைய கதாபாத்திரத்துக்குப் பிறர் மனத்தைப் படிக்கும் ஆற்றல் (டெலிபதி) உண்டு. வில்லன்களோடு மோதும் காட்சிகளில் இந்த ஆற்றலால் எனக்கு எந்தச் சிக்கலும் வந்ததில்லை. துப்பறியும் கதை என்று வந்துவிட்டால்தான் தடுமாறிப் போகிறேன்.

சென்ற அமர்வில் ஒரு கிடங்கில் யாரோ தீ வைத்த வழக்கைத் தொடங்கினோம். மூன்று அமர்வுகளுக்குப் போதுமான தடயங்களைத் தயாரித்து வைத்திருந்தேன். காவல் நிலையத்தின் நடைவழியில் நின்றபடியே அந்தக் கதாபாத்திரம், உள்ளே விசாரிக்கப்பட்டுக்கொண்டிருந்தவரின் மனத்தைப் படித்து, தீ வைத்தவர் அவரே என்பதையும் பெட்ரோல் கேனை எங்கே மறைத்தார் என்பதையும் பத்தே நிமிடத்தில் சொல்லிவிட்டது. மற்ற மூவருக்கும் செய்ய எதுவும் மிஞ்சவில்லை. பதற்றத்தில் நான், "இதை எந்த நீதிமன்றமும் ஏற்காது" என்று அறிவித்துவிட்டேன். புள்ளிகளைச் செலவழித்து வாங்கிய ஆற்றலை நான் வாய்ச்சொல்லால் பறித்துவிட்டதாக அந்த ஆட்டக்காரர் வருந்தினார். முன்னாள் அரசு வழக்கறிஞராக ஆடும் இன்னொருவரோ, "கண்ணால் கண்டவர் சாட்சி சொல்லலாம் என்றால், மனத்தால் கண்டவர் ஏன் சொல்லக்கூடாது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

நான் சொன்னது சட்டப்படி சரியா? சரியே என்றாலும், அந்த ஆட்டக்காரரை ஏமாற்றாமல் அதை மேசையில் எப்படி நடைமுறைப்படுத்துவது?

மூன்றாவது_சாட்சி

நீங்கள் சொன்னது பெரும்பாலும் சரி. ஆனால் ஒரே வாக்கியத்தில் முடித்ததால்தான் அது தீர்ப்பாக ஒலித்திருக்கிறது. அதை நான்கைந்து கேள்விகளாகப் பிரித்திருந்தால் அதுவே ஆட்டமாகியிருக்கும்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது, மனத்தைப் படித்தவர் யாருக்காகப் படித்தார் என்பதுதான். அமெரிக்க அரசியலமைப்பின் 4ஆம் திருத்தம் அரசின் சோதனைகளைத்தான் கட்டுப்படுத்துகிறது. தனி நபர் ஒருவர் தாமாகவே, காவல்துறையின் தூண்டுதலின்றி, திருட்டுத்தனமாக எடுத்துவந்த ஆவணங்களை அரசு பயன்படுத்திக்கொள்ளலாம் என்று 1921இல் பர்டோ எதிர் மெக்டவல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எனவே முகமூடி அணிந்து தன்னிச்சையாகச் சுற்றும் ஹீரோவும், காவல்துறை அடையாள அட்டையோடு நடைவழியில் நிற்கும் ஹீரோவும் சட்டத்தின் கண்ணில் ஒருவரல்லர். உங்கள் கதாபாத்திரத்தைக் காவலர்களே உள்ளே அழைத்து நிறுத்தியிருந்தால், அது அரசு நடத்திய சோதனையாகவே கருதப்படும். வீட்டுக்கு வெளியே நின்று வெப்பப் படக்கருவியால் உள்ளே இருக்கும் வெப்பத்தை அளந்ததுகூட வாரண்ட் தேவைப்படும் சோதனைதான் என்று 2001இல் கைலோ வழக்கில் தீர்ப்பாயிற்று. சுவருக்கு அப்பாலுள்ள வெப்பத்துக்கே அந்தப் பாதுகாப்பு என்றால், மண்டைக்குள் இருக்கும் நினைவுக்கு அதைவிடக் குறைவாக எந்த நீதிபதி கொடுப்பார்?

அடுத்தது 5ஆம் திருத்தம். தனக்கு எதிராகத் தானே சாட்சியாகும்படி எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அதன் ஒரு பகுதி. 1966இன் ஷ்மெர்பர் வழக்கில், குடித்துவிட்டு வண்டி ஓட்டியவரின் உடலிலிருந்து அவர் விருப்பத்துக்கு மாறாக இரத்தம் எடுத்ததை நீதிமன்றம் ஏற்றது. இரத்தம் உடற்பொருள், வாக்குமூலம் அன்று என்பது காரணம். 1988இல் டோ வழக்கில் பெரும்பான்மையோடு உடன்படாமல் எழுதிய தனித் தீர்ப்பில் நீதிபதி ஸ்டீவன்ஸ், பெட்டியின் சாவியைத் தரச் சொல்வது வேறு, பெட்டகத்தைத் திறக்கும் எண்களைச் சொல்ல வைப்பது வேறு என்று பிரித்துக் காட்டினார். மனத்தில் உள்ள எண்களைப் படித்தெடுப்பவரை இந்தக் கோட்டின் எந்தப் பக்கம் நிறுத்துவது என்பதுதான் உங்கள் வழக்கின் உயிர்நாடி. எண்களைப் பறித்தது உண்மை, ஆனால் அவர் வாயைத் திறக்க வைக்கவில்லை. தன் மனம் படிக்கப்படுகிறது என்பதே தெரியாத ஒருவர் "கட்டாயப்படுத்தப்பட்டவர்" ஆவாரா? இரு தரப்பிலும் வலுவான வாதம் உண்டு. முன்னாள் அரசு வழக்கறிஞராக ஆடுபவருக்கு இதைவிடப் பெரிய விருந்து வேறு எதுவும் கிடைக்காது.

ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால், மெய்யுலகில் இதற்கு மிக அருகே வந்த தீர்ப்பு இந்திய உச்ச நீதிமன்றம் 2010இல் செல்வி எதிர் கர்நாடக மாநிலம் வழக்கில் அளித்தது. நார்கோ பரிசோதனை (மருந்து செலுத்தி மயக்க நிலையில் பேசவைப்பது), பொய் கண்டறியும் கருவி, மூளை அலைப் பதிவு ஆகிய மூன்றையும் ஒருவருடைய ஒப்புதலின்றி நடத்தக் கூடாது என்று அது விதித்தது. ஒருவர் பேசுவதா, மௌனம் காப்பதா என்பது அவரே தேர்ந்தெடுக்க வேண்டியது என்ற எண்ணம் அந்தத் தீர்ப்பு முழுவதும் ஓடுகிறது.

கேன் மறைத்த இடத்துக்கு வருகிறேன். சட்டவிரோதச் சோதனையின் வழியே கண்டெடுத்த பொருளும் கெட்டுவிடும் என்ற கோட்பாட்டை 1939இன் நார்டோன் வழக்கில் "நச்சு மரத்தின் கனி" என்று அழைத்தார்கள். அதற்கு விலக்குகளும் உண்டு. எப்படியும் கண்டுபிடிக்கப்பட்டே இருக்கும் என்று காட்ட முடிந்தால் பொருள் தப்பிவிடும் என்பதை 1984இன் நிக்ஸ் வழக்கு ஏற்றது. அதே கேன் வேறு நாட்டு நீதிமன்றத்துக்குப் போனால் கதையே வேறு: முறைகேடான சோதனையில் கிடைத்தது என்பதற்காக மட்டும் பொருத்தமான சான்றை ஒதுக்க வேண்டியதில்லை என்பது 1974இன் பூரண் மல் வழக்கிலிருந்து இந்திய நிலைப்பாடு. ஆகவே "எந்த நீதிமன்றமும் ஏற்காது" என்பதை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

நிழல்_வாசகர்

மேலே உள்ள பதில், மனத்தில் படித்தது உண்மை என்று எடுத்துக்கொண்டு தொடங்குகிறது. எனக்கு அந்தத் தொடக்கத்திலேயே ஐயம் உண்டு.

1692இல் சேலத்தில் நடந்த சூனிய வழக்குகளில், குற்றம் சாட்டப்பட்டவரின் ஆவி வடிவம் தங்களைத் துன்புறுத்துவதாகச் சாட்சிகள் சொன்னார்கள். அந்த வடிவம் அவர்கள் கண்ணுக்கு மட்டுமே தெரியும். அதே அறையில் இருந்த வேறு எவராலும் அதை மறுக்கவும் முடியவில்லை, உறுதிப்படுத்தவும் முடியவில்லை. 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். மறு ஆண்டு கூடிய புதிய நீதிமன்றம் இந்த வகைச் சாட்சியத்தை ஒதுக்கியதும் எஞ்சியவர்களில் பெரும்பாலானோர் விடுதலை பெற்றார்கள். "மனத்தால் கண்டவர்" ஏன் சாட்சி சொல்லக்கூடாது என்ற கேள்விக்கு இதுவே என் பதில். கண்ணால் கண்டவரிடம் வெளிச்சம் எவ்வளவு இருந்தது, எத்தனை அடி தூரம், கண்ணாடி அணிந்திருந்தீரா என்றெல்லாம் குறுக்கு விசாரணை செய்யலாம். மனத்தால் கண்டவரிடம் என்ன கேட்பது?

கருவியின் நம்பகத்தன்மை குறித்து அமெரிக்க நீதிமன்றங்கள் நெடுங்காலம் பயன்படுத்திய அளவுகோல் 1923இன் ஃபிரை வழக்கிலிருந்து வந்தது: அந்தத் துறையினரிடையே பொதுவான ஏற்பு இருக்க வேண்டும். அந்த வழக்கில் தள்ளப்பட்டது இரத்த அழுத்தத்தை வைத்துப் பொய்யைக் கண்டறியும் சோதனை. அதை நடத்திய வில்லியம் மார்ஸ்டன்தான் பிற்காலத்தில், 1941இல், வொண்டர் வுமன் பாத்திரத்தைப் படைத்தார். நீதிமன்றம் ஏற்க மறுத்த கருவி, பிடிபட்டவரை உண்மை பேசவைக்கும் கயிறாகக் காமிக்ஸில் மறுபிறவி எடுத்தது என்று சொன்னால் சற்று மிகைதான், ஆனாலும் இந்த இழைக்கு இதைவிடப் பொருத்தமான கிளைக்கதை இல்லை. கூட்டாட்சி நீதிமன்றங்களில் 1993இன் டோபர்ட் தீர்ப்புக்குப் பிறகு, முறையைச் சோதித்துப் பார்க்க முடியுமா, அதன் பிழை வீதம் என்ன என்ற கேள்விகளும் சேர்ந்துகொண்டன. உங்கள் உலகில் இந்த ஆற்றல் உள்ளவர்கள் மூவர் மட்டுமே என்றால், பிழை வீதத்தை யார் அளப்பது?

இனி ஆட்டத்துக்கு. மனத்தைப் படிப்பவருக்குக் கிடைப்பது நடந்த நிகழ்ச்சியன்று, நிகழ்ச்சியைப் பற்றி அந்த மனிதர் வைத்திருக்கும் நம்பிக்கை. நினைவு ஒளிப்பதிவு அன்று என்பதை 1974இல் உளவியல் ஆய்வாளர்கள் லாஃப்டஸும் பால்மரும் அழகாகக் காட்டினார்கள். கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டிவிட்டு, கார்கள் "மோதி நொறுங்கியபோது" என்ன வேகம் என்று சிலரிடமும், "இடித்துக்கொண்டபோது" என்ன வேகம் என்று சிலரிடமும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது முதல் குழுவில் 32 விழுக்காட்டினரும் இரண்டாம் குழுவில் 14 விழுக்காட்டினரும் ஆம் என்றார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை.

ஆகவே நான் என் மேசையில் "அவன்தான் தீ வைத்தான்" என்று ஒருபோதும் சொல்வதில்லை. "பெட்ரோல் வாடை, கை நடுக்கம், 'நான்தான் காரணம்' என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வருகிறது" என்று சொல்வேன். தீ வைத்தவரும் அப்படி நினைக்கலாம், கதவைப் பூட்டாமல் போன காவலாளியும் அப்படி நினைக்கலாம். 1981இல் வந்த சாம்பியன்ஸ் என்ற சூப்பர்ஹீரோ மேசை விளையாட்டின் வழிவந்த விதிகளில், மேலோட்டமான எண்ணம், ஒளித்துவைத்த எண்ணம், நினைவு, ஆழ்மனம் என டெலிபதிக்குப் படிநிலைகள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒவ்வொரு படிக்கும் பகடையில் கூடுதல் வெற்றி வேண்டும். நீங்கள் எந்த விதிநூலை வைத்திருந்தாலும் இந்தப் படிநிலையை எடுத்துக்கொள்ளலாம். நடைவழியில் நின்றவருக்கு மேலோட்டமான எண்ணமே போதும்.

நான்காம்_நாற்காலி

இருவரும் நன்றாக எழுதியிருக்கிறார்கள், ஆனால் இவ்வளவையும் மேசையில் வாசித்துக்காட்டினால் மீதி இருவரும் கைபேசியை எடுத்துவிடுவார்கள். நான் ஒரே ஒரு சட்டக் கருத்தை மட்டும் எடுத்து ஆடுகிறேன்.

மனத்தைப் படிப்பவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றாதீர்கள். அவரைத் தகவலாளியாக நடத்துங்கள். 1983இல் இல்லினாய் எதிர் கேட்ஸ் வழக்கில், பெயரில்லாத ஒரு கடிதம்தான் தொடக்கம். கணவன் மனைவி இருவர் போதைப்பொருள் கடத்துகிறார்கள், இன்ன நாளில் இவர் காரில் போவார், அவர் விமானத்தில் போவார் என்று அதில் எழுதியிருந்தது. காவலர்கள் அந்த விவரங்களில் பலவற்றைத் தாங்களே பின்தொடர்ந்து உறுதிப்படுத்தினார்கள். கடிதம் எழுதியவர் யாரென்று கடைசிவரை தெரியாவிட்டாலும், சூழ்நிலை முழுவதையும் சேர்த்துப் பார்த்து வாரண்ட் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது.

இதைவிட நல்ல ஆட்ட விதியை நான் இதுவரை கண்டதில்லை. டெலிபதி தரும் ஒவ்வொரு செய்தியும் பெயரில்லாக் கடிதம். அதில் மூன்று விவரங்களை வேறு வழியில் உறுதிப்படுத்தினால் நீதிபதி வாரண்ட் தருவார். உறுதிப்படுத்தும் வேலை மற்ற மூவருக்கும் உரியது: ஒருவர் பெட்ரோல் வாங்கிய ரசீதைத் தேடுவார், ஒருவர் கூரையிலிருந்து வீட்டைக் கண்காணிப்பார், ஒருவர் அண்டை வீட்டாரிடம் பேச்சுக் கொடுப்பார். முன்பு கொடுத்த செய்திகள் எத்தனை முறை மெய்ப்பட்டன என்பதைக் கதாபாத்திரத் தாளின் ஓரத்தில் குறித்துவைத்தால், ஆறாவது வழக்கில் இரண்டு விவரங்களே போதும் என்று நீதிபதி இளகுவார். புள்ளிகளுக்கு மதிப்பும் உண்டு, வளர்ச்சியும் உண்டு. இந்த வழக்கில் காவலர்களே அவரை உள்ளே அழைத்து நிறுத்தியிருந்தால் அந்தக் குறை இருக்கிறதே என்பீர்கள். அதை அடுத்த வழக்கிலிருந்து திருத்திக்கொள்ளட்டும்.

ஒரு தவறை மட்டும் செய்யாதீர்கள், நான் செய்திருக்கிறேன். எல்லா வில்லன்களுக்கும் மனக்கவசம் மாட்டிவிட்டேன். நான்காவது வில்லனிலேயே ஆட்டக்காரர் கதாபாத்திரத்தை மாற்றிக்கொண்டார். பாதிக்கப்பட்டவர்களின் மனத்தைப் படிக்கும் காட்சிகள் எவ்வளவு தூரம் போகலாம் என்பதையும் முன்கூட்டியே மேசையில் பேசிக்கொள்ளுங்கள்.

பகடை_உருட்டி

மூவருக்கும் நன்றி. நேற்று "எந்த நீதிமன்றமும்" என்பதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, பெயரில்லாக் கடித முறையில் வழக்கை மீண்டும் திறந்தோம். மூன்று மணிநேரம் போனதே தெரியவில்லை. இரண்டு விவரங்கள் உறுதிப்பட்டன, மூன்றாவது பொய்த்துவிட்டது, ஏனென்றால் நிழல்_வாசகர் சொன்ன காவலாளியை நான் வெட்கமின்றிக் கதைக்குள் கொண்டுவந்துவிட்டேன். இப்போது மனத்தைப் படிப்பவர், கைதானவர் குற்றமற்றவர் என்று நம்புகிறார். குற்றத்தை நிறுவத்தான் டெலிபதி சான்றாகாது, குற்றமின்மையைக் காட்டவாவது ஆகுமா என்று கேட்கிறார்.

மூன்றாவது_சாட்சி

இங்கேதான் சட்டம் உங்களைக் கைவிடும். குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான முக்கியச் சான்று அரசுத் தரப்பிடம் இருந்தால் அதை எதிர்த்தரப்புக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பது 1963இன் பிரேடி வழக்கு. ஆனால் 1995இல் வுட் எதிர் பார்த்தலோமியூ வழக்கில், ஒரு சாட்சிக்கு நடத்திய பொய் கண்டறியும் சோதனையின் முடிவை அரசுத் தரப்பு தெரிவிக்காதது பிழையாகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த மாநிலத்தில் அந்த முடிவு நீதிமன்றத்தில் ஏற்கத்தக்கதே அன்று, ஆகவே அது சான்றே அன்று என்பது அதன் வாதம். உங்கள் உலகில் டெலிபதி சான்றாகாது என்று விதித்துவிட்டால், கைதானவரின் வழக்கறிஞரிடம் அதைச் சொல்ல வேண்டிய கடமையும் அரசுத் தரப்புக்கு இல்லாமல் போகக்கூடும். முன்னாள் அரசு வழக்கறிஞராக ஆடுபவர் பழைய அலுவலக நண்பரைத் தொலைபேசியில் அழைப்பாரா என்று அடுத்த அமர்வில் கேட்டுப் பாருங்கள்.