‘தோல்’ என்ற பழைய ஸ்காட்ஸ் வினைச்சொல்: பாட்டிக்கு வலிக்கிறதா, இல்லையா?

கேள்வி: அயர்க்கரை நர்ஸ்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், அயர் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன். வந்து மூன்று வருடம் ஆகிறது. நான் கவனித்துக்கொள்ளும் ஒரு பாட்டிக்கு வயது 88. முதுகிலும் முட்டியிலும் தேய்மானம். தினமும் காலையில், "வலி எவ்வளவு? பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள்" என்று கேட்பேன். எண்ணே சொல்ல மாட்டார். "ஆல் தோல் இட்" என்று ஒரே பதில். நம் உடம்புத் தோல் இல்லை. நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்லும் ‘தோல்’.

கூட வேலை செய்யும் உள்ளூர்ப் பெண், "பொறுத்துக்கொள்வேன் என்கிறார்" என்றாள். சரி, பெரிய வலி இல்லை போல என்று நானும் 2 என்றே எழுதிவந்தேன். போன வாரம் கட்டிலிலிருந்து எழுப்பும்போது என் மணிக்கட்டைப் பிடித்தார் பாருங்கள், அந்தப் பிடி 2 இல்லை. அன்றிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

இணையத்தில், ஸ்காட்லாந்தின் பழைய மொழியான ஸ்காட்ஸின் அகராதியைப் பார்த்தேன். துன்பப்படு, தாங்கு, அனுமதி, காத்திரு, வழக்கு விசாரணைக்கு உட்படு என்று பழைய பொருள்கள் நீண்டுகொண்டே போகின்றன. படகில் துடுப்பு மாட்டும் முளைக்கும் இதே பெயர். ஒரே சொல்லில் இத்தனை எப்படி வந்தது? பாட்டி சொல்வது இதில் எது?

பதில்: பழஞ்சொல் பிரியன்

துடுப்பு முளையை முதலில் ஒதுக்கிவிடுங்கள். அது வேறு சொல், ஒலி மட்டும் ஒன்று.

உங்கள் பாட்டியின் சொல் ரொம்பப் பழையது. பழைய ஆங்கிலத்தில் ‘தோலியன்’, ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியில் ‘தோலா’, இன்றைய ஜெர்மனில் ‘டுல்டன்’. லத்தீனின் ‘டோலராரே’யும் இதே வேரிலிருந்து வந்ததுதான். வேரின் பொருள் தூக்கு, சும. தெற்கே பொது ஆங்கிலத்தில் இந்தச் சொல் வழக்கொழிந்துவிட்டது. ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் வடக்கிலும் வீட்டுப் பேச்சிலேயே தங்கிவிட்டது.

இத்தனை பொருள் எப்படி என்று கேட்கிறீர்கள். நம்முடைய ‘பொறு’வை எடுத்துப் பாருங்கள். பொறை என்றால் சுமை. அங்கிருந்து வலியைப் பொறுப்பது, பிறர் செய்த தப்பைப் பொறுப்பது, "கொஞ்சம் பொறு, வந்துவிடுகிறேன்" என்பது. நமக்கு இவை தனித்தனிப் பொருளாகவே தோன்றுவதில்லை. ‘தோல்’ நடந்ததும் ஏறக்குறைய இதே வழிதான். சுமந்தவன் துன்பப்பட்டான், மத்தியகாலச் சமயப் பாடல்களில் கிறிஸ்து சிலுவையில் பட்ட பாட்டுக்கும் இந்த வினைதான் வரும். துன்பத்தைத் தாங்குகிறவன் அதைத் தடுக்காமல் விடுகிறான், அதனால் ‘அனுமதி’. தாங்கிக்கொண்டே இருக்கிறான், அதனால் ‘காத்திரு’. பழமொழிகூட ஒத்துப்போகிறது. ‘தோல் செய்பவன் வெல்வான்’ என்பது அவர்களுடையது. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது நம்முடையது. இதை முதலில் பார்த்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

நீங்கள் பார்த்த அகராதியின் பழைய பகுதி லேசான வேலை இல்லை. 1700 வரைக்குமான ஸ்காட்ஸ் சொற்கள், 12 தொகுதிகள். முதல் பகுதி 1931-இல் வந்தது, 2002-இல்தான் முடிந்தது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். சுமை இல்லாதவன் சுமப்பதாகச் சொல்வானா? வலி இல்லையென்றால் பாட்டி இந்தச் சொல்லைத் தொடவே மாட்டார். வலி இருக்கிறது என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. எவ்வளவு என்பதுதான் அதில் இல்லை. அதை 2 என்று எழுதாதீர்கள்.

பதில்: எடின்பரோ சட்டம் படிப்பவள்

அந்த ‘விசாரணை’ப் பொருள் செத்துவிடவில்லை. ‘தோல்ட் அசைஸ்’ என்று இங்கே இன்றும் வகுப்பில் படிக்கிறோம். அசைஸ் என்பது விசாரணை. அதை ஒருமுறை ‘தோல்’ செய்து முடித்தவரை அதே குற்றத்துக்காக மறுபடி கூண்டில் ஏற்றக் கூடாது என்பது பழைய விதி. குற்றவாளியா, நிரபராதியா என்று சொல் பார்க்காது. அந்தப் பாட்டை ஒருமுறை பட்டுவிட்டார், அவ்வளவுதான்.

இதற்கு விதிவிலக்குகளைக் கொண்டுவந்தது 2011-ஆம் ஆண்டுச் சட்டம். 1977-இல் எடின்பரோவின் ‘வேர்ல்ட்ஸ் எண்ட்’ மதுக்கடையிலிருந்து கிளம்பிய இரண்டு 17 வயதுப் பெண்கள் கொல்லப்பட்டார்கள். 2007-இல் போதிய சாட்சியம் இல்லை என்று நீதிபதி வழக்கைப் பாதியில் முடித்தார். குற்றம் சாட்டப்பட்டவர் விடுவிக்கப்பட்டார். புதிய சட்டத்தின் கீழ் அவரையே மறுபடி விசாரித்து 2014-இல் தண்டித்தார்கள். 37 வருடம் அந்தக் குடும்பங்கள் ‘தோல்’ செய்ததற்குச் சட்டத்தில் சொல் இல்லை. படிக்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் உறுத்தும்.

பதில்: பெல்ஃபாஸ்ட் மாமா

வடக்கு அயர்லாந்திலும் இந்தச் சொல் உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்திலிருந்து குடியேறியவர்களோடு வந்தது. கவிஞர் சீமஸ் ஹீனி பழைய ஆங்கிலம் படித்தபோது ‘தோலியன்’ முதலில் அந்நியமாகத் தெரிந்ததாம். அப்புறம்தான், தன் ஊரில் அதிகம் படிக்காத பெரியவர்கள் பேசிய சொல் இது என்று பிடிபட்டதாக எழுதியிருக்கிறார். தங்கச்சி, எண்ணைக் கேட்காதே. அவர் சொல்லாலேயே கேட்டுப் பார்.

அயர்க்கரை நர்ஸ்

மாமா, இன்று காலை அப்படித்தான் கேட்டேன். "எதைத் தோல் செய்ய முடிகிறது, எதை முடியவில்லை?" என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்தார். "முதுகைச் செய்துவிடுவேன். முட்டியை, ராத்திரி இரண்டு மணிக்குமேல், முடியவில்லை" என்றார். மூன்று வருடத்தில் வலியைப் பற்றி அவர் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம். அதை அப்படியே, அவர் சொல்லையும் சேர்த்து, குறிப்பேட்டில் எழுதினேன். மதியம் டாக்டர் வந்து ராத்திரி மருந்தின் நேரத்தை மாற்றிக் கொடுத்திருக்கிறார்.