கடைசி விக்கெட் விழாமல் போன கதைகள்

மூன்றாம் ஸ்லிப்:
கான்பூர், நவம்பர் 2021. எத்தனை பேருக்கு இன்னும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை? இந்தியாவுக்கு எதிரான டெஸ்ட்டின் கடைசி நாள், நியூசிலாந்துக்கு ஒன்பது விக்கெட் போயாச்சு. இன்னும் ஒன்று விழுந்தால் நமக்கு ஜெயம், இல்லையென்றால் டிரா. முதல் டெஸ்ட் ஆடும் ரச்சின் ரவீந்திரா, கூட அஜாஸ் படேல். பேட்டைச் சுற்றிக் கைக்கெட்டும் தூரத்தில் நம் ஆட்கள். 52 பந்து போட்டும் அந்த ஒன்று விழவில்லை. எனக்கு ஞாபகம் இருப்பது பந்து அல்ல, அந்த வெளிச்சமானிதான். வெளிச்சம் போதாது என்று அது காட்டினால் ஆட்டம் நின்றுவிடும், அம்பயர் அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் நெஞ்சு திக்கென்றது. இன்னும் பத்து நிமிடம் வெளிச்சம் இருந்திருந்தால் முடிந்திருக்கும்.

பழைய பந்து:
வெளிச்சத்தின் மேல் பழி போடாதீர்கள். அந்த பிட்ச்சில் பந்து எழும்பவே இல்லை, பேட் விளிம்பில் பட்டாலும் கீப்பர் பக்கத்தில் நிற்கும் ஸ்லிப் ஃபீல்டர் வரை போய்ச் சேராது. அதே வருடம் ஜனவரியில் சிட்னியில் நாம் எதிர்ப்பக்கம், டிராவுக்காகத் தாக்குப்பிடிக்கும் பக்கம், இருந்தோமே, மறந்துவிட்டதா? விஹாரிக்குத் தொடைத் தசை போச்சு, அஸ்வினுக்கு முதுகு. ஓடி ரன் எடுக்க முடியாது, அதுவே வசதியாகிவிட்டது. வந்த பந்தையெல்லாம் தடுத்து நிறுத்துவதுதான் வேலை: கட்டை, கட்டை, கட்டை. விஹாரி 161 பந்தில் 23. ஆஸ்திரேலியா 131 ஓவர் போட்டும் ஐந்து விக்கெட்தான். கடைசி ஓவர்களில் ஸ்டார்க் பந்து விஹாரி பேட்டில் உரச, கீப்பர் பெய்ன் பாய்ந்தார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர் கத்திய பிறகுதான் பிடி நழுவியது தெரிந்தது.

சும்மா சுழல்:
நீங்கள் பார்த்ததைச் சொல்கிறீர்கள், நான் போட்டவன். இரண்டு நாள் லீக் ஆட்டம், கடைசி ஜோடி, ஆறு ஓவர் பாக்கி. என் பந்து உள்ளே திரும்பி, பேட்டுக்கும் பேடுக்கும் நடுவே புகுந்து, ஸ்டம்ப்பை உரசிப் போனது. மேலே இருக்கும் பெயில் விழவில்லை, அது விழாமல் அவுட் இல்லை. சத்தியமாக.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ரன்னே வேண்டாம் என்று ஒருவன் முடிவு செய்துவிட்டால் பவுலரின் பாதி ஆயுதம் காலி. வெளியே போட்டு இழுக்க முடியாது, டிரைவ் ஆசை காட்ட முடியாது. சுற்றி ஆறு பேரை நிறுத்தினால் மட்டும் போதாது, ஆஃப் பக்கம் கவர் பகுதியைக் காலியாகத் திறந்து விடுங்கள். ஒரே இடத்திலிருந்து போடாதீர்கள், கிரீஸ் ஓரத்திலிருந்து ஒன்று, ஸ்டம்ப்பை ஒட்டி ஒன்று. 80 ஓவர் முடிந்து புதுப் பந்து கைக்கு வரும்போது வேகப் பவுலர் நாக்குத் தள்ளி நிற்கக் கூடாது, அதற்கு முன்பே அவரை ஒரு மணி நேரம் சும்மா விடுங்கள். கூக்கபுரா கம்பெனிப் பந்து என்றால் இன்னும் கவனம், சீம் என்கிற தையல் சீக்கிரம் படுத்துவிடும், அப்புறம் பந்து பஞ்சு மாதிரி. எல்லாவற்றுக்கும் மேல், டிக்ளேரை, அதாவது 'எங்கள் பேட்டிங் போதும்' என்ற அறிவிப்பை, அரை மணி முன்னாடியே செய்யுங்கள். எதிரணிக்கும் ஜெயிக்கும் ஆசை கொஞ்சம் இருந்தால்தான் தப்பு செய்வார்கள்.

பழைய பந்து:
2025 மான்செஸ்டரில், இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட்டின் இரண்டாம் இன்னிங்ஸில், முதல் ஓவரிலேயே நாம் ரன் எடுக்காமல் இரண்டு விக்கெட். அப்புறம் 143 ஓவர் போட்டும் மொத்தம் நாலுதான் விழுந்தது. ஜடேஜா சந்தித்த முதல் பந்தையே ரூட் ஸ்லிப்பில் கோட்டை விட்டார். ஜடேஜா அப்புறம் சதமே போட்டார், ஆட்டம் டிரா. இதற்கு எந்த ஃபீல்ட் வைப்பீர்கள் சுழல் சார்?

மூன்றாம் ஸ்லிப்:
ஃபீல்ட் எப்படி வைப்பது என்று நான் கேட்கவே இல்லையே! கான்பூர் பார்த்தவர்கள் வேறு யாரும் இல்லையா?