வறுமை 2.2 சதவீதம்தான் என்றால் எங்கள் வீடு எந்தக் கணக்கில் வரும்?

பாவூர்ப்பொண்ணு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். குரூப் 2 மெயின்ஸுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். தமிழ்நாட்டில் வேலைவாய்ப்பு, வருமானம், வறுமை என்று குறிப்பு எடுக்க உட்கார்ந்தால் ஒரு எண்ணோடு இன்னொரு எண் ஒட்டவே மாட்டேன் என்கிறது.

நிதி ஆயோக் 2023ல் வெளியிட்ட பல்பரிமாண வறுமைக் குறியீட்டில் தமிழ்நாட்டு ஏழைகள் 2.20 சதவீதம். அதற்கு முந்தைய கணக்கில் 4.76. கோச்சிங் நோட்ஸைப் புரட்டினால் டெண்டுல்கர் குழுவின் வறுமைக்கோட்டு முறைப்படி 11.28 என்று இருக்கிறது. தனிநபர் வருமானம் 2022-23ல் வருஷத்துக்கு இரண்டே முக்கால் லட்சத்தை ஒட்டி வந்ததாம். அப்படிப் பார்த்தால் நாலு பேர் உள்ள எங்கள் வீட்டுக்குப் பதினோரு லட்சம் வந்திருக்கணும். அம்மாவிடம் சொன்னேன். "யாரு வாங்கிட்டுப் போனான்னு கேட்டுச் சொல்லு" என்றாள்.

எங்கள் ஊர் தென்காசி மாவட்டம், கீழப்பாவூர் பக்கம். அம்மா பீடி சுற்றுகிறாள். வாரத்தில் நாலு நாள்தான் இலை போடுகிறார்கள். கடையில் கொடுக்கிற இலையில் ஆயிரம் பீடி தேறாது. குறைகிற இலையை வெளியே காசு கொடுத்து வாங்கணும். சுற்றியதைக் கொண்டுபோனால் கணக்கப்பிள்ளை கட்டைப் பிரித்து, நுனி சரியாக மடங்கவில்லை, தூள் குறைவு என்று ஒரு கைப்பிடியை ஓரமாகத் தள்ளுவார். அது கழிவு. கழிவுக்குக் கூலியும் கிடையாது, பீடியும் திரும்பி வராது. எல்லாம் போக ஒரு நாளைக்கு 180 ரூபாய் நின்றால் நல்ல நாள். அப்பா பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் லோடுமேன். லோடு வந்தால் 600, 700. வராத நாளில் டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வருவார். தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங். மாதம் நாலாயிரம் அனுப்புவான். நான் பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு வீட்டிலிருந்தே படிக்கிறேன். சாயங்காலம் அம்மாவுக்கு இலை வெட்டிக் கொடுப்பேன்.

வருமானச் சான்றிதழில் எங்கள் வருஷ வருமானம் 72,000. எங்கள் தெருவில் பாதி வீட்டுக்கு அதே 72,000தான்.

என் கேள்வி இவ்வளவுதான். இந்த வீடு ஏழை வீடா இல்லையா? அம்மாவும் நானும் வேலையில் இருப்பவர்களா இல்லாதவர்களா? தேர்வில் எந்த எண்ணை எழுதுவது?

சும்மாஇருசொல்லற எழுதியது:

தேர்வு அரசாங்க வேலைக்கு. 2.20 என்று எழுதுங்கள். வேலை கிடைத்த பிறகு மற்ற எண்களைப் பற்றிப் பேசலாம்.

கதவுதட்டுபவன் எழுதியது:

தங்கச்சி, நான் ஒப்பந்த அடிப்படையில் வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போகிறவன். விருதுநகர் பக்கம். தொழிலாளர் கணக்கெடுப்பு, குடும்பச் செலவுக் கணக்கெடுப்பு இரண்டுக்கும் போயிருக்கிறேன். பதில் சொல்வதற்கு முன்னால் சில விவரம் வேண்டும். வீட்டில் கேஸ் இருக்கிறதா, அதிகம் எரிப்பது எது? கழிப்பறை உங்களுக்கு மட்டுமா? தரை என்ன தரை? அம்மாவின் வயது, உயரம், எடை? பேங்க் கணக்கு இருக்கிறதா?

பாவூர்ப்பொண்ணு எழுதியது:

கேஸ் இருக்கிறது அண்ணா, ஆனால் டீக்கும் அவசரத்துக்கும்தான். சோறு விறகடுப்பில். கழிப்பறை பெரியப்பா வீட்டுக்கும் எங்களுக்கும் சேர்த்து ஒன்று. ஓட்டு வீடு, சாணி மெழுகின தரை. அம்மாவுக்கு 46 வயது, அஞ்சடி உயரம், சுகாதார நிலையத்தில் பார்த்தபோது 41 கிலோ. மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய் அவள் பேங்க் கணக்கில்தான் விழுகிறது. டிவி, தம்பியின் பழைய பைக், போன் எல்லாம் உண்டு. எதற்கு எடையெல்லாம்?

கதவுதட்டுபவன் எழுதியது:

எடை இல்லாமல் அந்த 2.20 வராது, அதனால்தான் கேட்டேன்.

நிதி ஆயோக் பார்ப்பது 12 அம்சங்கள். மொத்தத்தை 42 பங்காக வைத்துக்கொண்டால் கணக்குப் போட எளிது. ஊட்டச்சத்துக்கு 7 பங்கு. குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் இறப்புக்கும் பேறுகாலக் கவனிப்புக்கும் மூன்றரை மூன்றரை. வீட்டில் ஒருவராவது ஆறு வருஷம் பள்ளிக்கூடம் போனாரா என்பதற்கு 7, பிள்ளைகள் இப்போது பள்ளிக்குப் போகிறார்களா என்பதற்கு 7. மிச்சம் அடுப்பு, கழிப்பறை, குடிநீர், மின்சாரம், வீடு, சொத்து, வங்கிக் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் 2. மூன்றில் ஒரு பாகம், அதாவது 14 பங்கு குறை சேர்ந்தால்தான் ஏழை வீடு.

உங்கள் வீட்டுக்குப் போடுவோம். அம்மாவின் உயரத்துக்கு 41 கிலோ குறைவு, 7 போச்சு. விறகடுப்பு 2. இரண்டு வீட்டுக்கு ஒரு கழிப்பறை 2. சாணித் தரை 2. கூட்டினால் 13. நீங்கள் ஏழை இல்லை. பேங்க் கணக்கு மட்டும் இல்லாமல் இருந்தால் 15 ஆகி ஏழை ஆகியிருப்பீர்கள். கணிதம் படித்தவர், நீங்களே ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த 12 அம்சத்தில் வருமானம் கிடையாது. கடன் கிடையாது. வேலையும் கிடையாது. அதற்காக 2.20 பொய்க்கணக்கு என்று நான் சொல்ல மாட்டேன். அதே அறிக்கையில் பீகார் 33.76, கேரளா 0.55. நம் ஊரில் கரண்ட் உண்டு, பள்ளிக்கூடம் உண்டு, சத்துணவு உண்டு, பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது, 2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசிக்குக் காசு இல்லை. ஒரு தலைமுறை உழைப்பு அதில் இருக்கிறது. ஆனால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பேருக்குக் கையில் காசு இருக்கிறது என்று மேடையில் பேசுகிறார்கள் பாருங்கள், அதுதான் எரிச்சல்.

அடுத்தது வேலை. உங்கள் வீட்டுக் கதவைத் தட்டியிருந்தால் நான் இப்படித்தான் குறித்திருப்பேன். அப்பா தினக்கூலி, குறியீடு 51. அம்மா 11, அதாவது சுயதொழில் செய்பவர்! கடைக்காரர் இலை கொடுத்து, தூள் கொடுத்து, கழிவும் எடுத்தாலும், வீட்டில் உட்கார்ந்து எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிறவர் எங்கள் படிவத்தில் சுயதொழில்தான். நீங்கள் வேலை தேடுபவர், 81. ஆனால் இலை வெட்டிக் கொடுக்கிறீர்களே, அது வருஷத்தில் 30 நாளுக்குக் குறையாமல் இருந்தால் துணைத்தொழில் என்று 21 போடுவேன். குடும்பத் தொழிலில் சம்பளமில்லாத உதவியாளர். அது விழுந்துவிட்டால் நீங்கள் வேலையில் இருப்பவர். வாரக் கணக்கு இன்னும் மோசம். கடந்த ஏழு நாளில் ஒரு மணி நேரம் இலை வெட்டியிருந்தாலே போதும். 2023-24ல் வருஷக் கணக்குப்படி, அதாவது வழக்கமான நிலையில், நாடு முழுக்க வேலையின்மை 3.2 சதவீதம் என்று வந்ததே, அதில் உங்களை மாதிரி ஆட்கள் வேலையில்லாதவர்களாக இல்லை, வேலை பார்ப்பவர்களாக இருக்கிறார்கள்.

எதிர்ப்பக்கமும் நடக்கிறது. தீப்பெட்டி அட்டை ஒட்டிக்கொண்டே ஒரு அக்கா "நான் சும்மாதான் இருக்கேன் சார், அவருதான் வேலைக்குப் போறாரு" என்பார். பக்கத்தில் ஒட்டிய பெட்டி குவிந்து கிடக்கும். அவசரத்தில் இருக்கிற ஆள் வீட்டு வேலை மட்டும் என்று 92 போட்டுவிட்டுப் போய்விடுவான். பொறுமை இருந்தால் பெட்டியைக் காட்டிக் கேட்கணும். எல்லோருக்கும் அந்தப் பொறுமை இருக்காது, ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று எங்களுக்கும் இலக்கு உண்டு.

இன்னொன்று. திருப்பூரில் தங்கி அங்கேயே சாப்பிடுகிற தம்பி உங்கள் வீட்டு ஆள் இல்லை. ஒரே உலையில் சாப்பிடுகிறவர்கள்தான் எங்களுக்குக் குடும்பம். ஆக நீங்கள் மூன்று பேர்.

பாவூர்ப்பொண்ணு எழுதியது:

13 பங்கா! ஒரு பங்கில் விட்டுவிட்டார்களே. தம்பியிடம் நீ எங்கள் வீட்டு ஆள் இல்லை என்று மெசேஜ் போட்டேன், இன்னும் பதில் இல்லை.

அண்ணா, மாதம் வருகிறதெல்லாம் சேர்த்தால் பதினாறாயிரம் தேறும். அதில் 4,600 குழு லோனுக்குப் போய்விடுகிறது. அப்பாவுக்கு இடுப்பு ஆபரேஷன் செய்தபோது வாங்கியது, அதை அடைக்க இன்னொரு குழுவில் வாங்கியது. இது எந்தக் கணக்கில் வரும்?

பழையவசூல் எழுதியது:

நான் முன்பு ஒரு குழு லோன் ஆபீஸில் வேலை பார்த்தேன், அதனால் இதற்கு நான் சொல்கிறேன்.

ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி வருஷ வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்கிற குடும்பத்துக்குத்தான் சிறுகடன். எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. விதி நல்ல விதிதான். நடப்பது என்ன? குழுப் பெண்கள் கூடுகிற சென்டர் மீட்டிங்கில் டேப்லெட்டைத் திறந்து வருமானம் கேட்போம். "தெரியலையே சார்" என்பார்கள். தவணை எவ்வளவோ, அது பாதிக்குள் அடங்குகிற மாதிரி ஒரு தொகையை நாங்களே தட்டிவிடுவோம். இரண்டு லட்சத்துச் சொச்சம், இரண்டரை லட்சம். அதே அக்காவின் வருமானச் சான்றிதழில் 72,000 இருக்கும். இரண்டுமே ஒரு காரியம் நடக்கணும் என்று எழுதிய எண். அசல் வருமானத்தை யாரும் உட்கார்ந்து கேட்டதே இல்லை.

வசூலுக்கு ராத்திரியில் வந்து வாசலில் உட்கார்ந்தால் பயப்படாதீர்கள். கட்டாய வசூலுக்கு எதிராக 2025ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்திருக்கிறது, மூன்று வருஷம் வரை சிறைத்தண்டனை உண்டு. ஸ்டேஷனில் புகார் கொடுக்கலாம்.

கதவுதட்டுபவன் எழுதியது:

செலவுக் கணக்கெடுப்பில் தவணை வராது தங்கச்சி. திருப்பிக் கட்டுகிற கடன் நுகர்வு இல்லை என்று விட்டுவிடுவோம். பதினாறில் 4,600 போனால் 11,400. மூன்றால் வகுத்தால் ஆளுக்கு 3,800. 2023-24ல் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆளுக்கு மாதச் செலவுச் சராசரி 5,701. இந்திய கிராமச் சராசரி 4,122. நீங்கள் இரண்டுக்கும் கீழே. உங்கள் கேள்விக்கு என் பதில் இந்த எண்தான். ரேஷன் அரிசிக்கு மதிப்புப் போட்டு இன்னொரு கணக்கும் உண்டு, கொஞ்சம் கூடும்.

ஆனால் இதை வைத்தும் உங்களை ஏழை என்று அரசாங்கம் எழுத முடியாது. வறுமைக்கோடு இருந்தால்தானே கீழே, மேலே? கடைசியாகப் போட்ட கோடு 2011-12ல். தமிழ்நாட்டுக் கிராமத்துக்கு ஆளுக்கு மாதம் 880 ரூபாய். ஒரு நாளைக்கு 30 ரூபாய்கூட இல்லை. ரங்கராஜன் குழு 2014ல் கோட்டை உயர்த்தச் சொன்னது. அதன்படி நாட்டில் ஏழைகள் டெண்டுல்கர் கணக்கு சொன்ன 21.9 இல்லை, 29.5 சதவீதம். அதை ஏற்கவில்லை. அதற்குப் பிறகு அதிகாரப்பூர்வமாக ஒரு கோடும் வரவில்லை.

பின்னலாடைக்காரன் எழுதியது:

அம்மணி, தம்பி பதில் போடாததற்குக் கோபப்படாதீங்க. செக்கிங் டேபிளில் போனை எடுத்தால் சூப்பர்வைசர் பிடுங்கி வைப்பாருங்க.

திருப்பூர் கணக்கையும் ஒரு வரி சேர்த்துக்கோங்க. இங்கே எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். காலை எட்டரைக்குப் போய் ராத்திரி எட்டரை, ஒன்பதுக்கு வந்தால் ஒன்றரை ஷிப்ட். ஒரு ஷிப்ட் கூலி ரூம் வாடகைக்கும் மெஸ்ஸுக்கும் சரியாப் போயிருமுங்க. ஊருக்கு அனுப்புவது அந்த அரை ஷிப்ட்தான். 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா வரியை 50 சதவீதம் ஆக்கினப்போ, அமெரிக்க ஆர்டர் ஓட்டிக்கிட்டிருந்த எங்கள் கம்பெனியில் ஒரு ஆளையும் நிறுத்தலைங்க. அரை ஷிப்டை மட்டும் நிறுத்திட்டாங்க. சில வாரம் சனிக்கிழமை சம்பளக் கவரைப் பார்த்தால் பாதிதான் இருந்துச்சு. கணக்கெடுக்க வந்திருந்தால் எல்லோரும் வேலையில் இருக்கிறோம் என்றுதான் சொல்லியிருப்போம். பவர்டேபிள்ங்கிற சின்னத் தையல் யூனிட்டில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவங்க நிலைமை இன்னும் மோசம், அவங்களுக்கு மெஷினே ஓடலை.

பாவூர்ப்பொண்ணு எழுதியது:

தம்பி பதில் போட்டுவிட்டான். "அப்போ நாலாயிரம் அனுப்ப வேண்டாமா?" என்று கேட்கிறான்.

எல்லோருக்கும் நன்றி. விடையில் 11.28லிருந்து 4.76, அதிலிருந்து 2.20 என்று ஒரு வரைபடம் போட்டு, பிறகு நீங்கள் சொன்னதை எழுதலாம் என்று இருக்கிறேன். சரிதானே அண்ணா?

கதவுதட்டுபவன் எழுதியது:

வரைபடத்தில் 11.28 வேண்டாம். அது செலவை வைத்துப் போட்டது, மற்ற இரண்டும் குடும்ப நலக் கணக்கெடுப்பை வைத்து 12 அம்சத்தில் போட்டது. 2015-16க்கு 4.76, 2019-21க்கு 2.20, இந்த இரண்டை மட்டும்தான் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். 11.28ஐத் தனிப் பத்தியில், 2011-12 என்று வருஷத்தோடு எழுதுங்கள். தனிநபர் வருமானத்தை வறுமைப் பத்தியில் சேர்க்காதீர்கள். அதில் ஸ்ரீபெரும்புதூர் கார் கம்பெனி லாபமும் இருக்கிறது. வேலையின்மை எண் எழுதினால் வழக்கமான நிலையா, வாரக் கணக்கா என்று கட்டாயம் குறிப்பிடணும். 2025லிருந்து மாதாமாதம் வருவது வாரக் கணக்கு, அதைப் பழைய ஆண்டு எண்ணோடு ஒப்பிட்டால் மார்க் போகும்.

அம்மாவின் எடையை மறுபடி ஒருமுறை பாருங்கள். தேர்வுக்காக இல்லை.