தேன்மெழுகு ஏன் முட்டையில் நிற்கவில்லை?

கல்லடி டீச்சர்:

வணக்கம். நான் மட்டக்களப்பு கல்லடியில் இருக்கிறேன். சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவள். கேட்க வந்தது மெழுகைப் பற்றித்தான். கதையைச் சொல்லாமல் கேட்டால் இந்தக் கிழவிக்கு முட்டையோடு என்ன வேலை என்பீர்கள்.

2025 மார்ச் கடைசியில் கனடாவில், பீற்றர்பரோப் பக்கம், மகள் வீட்டில் நின்றேன். ஒரு வெள்ளிக்கிழமை இரவு மழை தொடங்கியது. மழைதானே என்று படுத்துவிட்டேன். மறுநாள் பார்த்தால் கொடிக்கயிறு பெருவிரல் மொத்தத்துக்குக் கண்ணாடியாகிக் கிடக்கிறது. மேலே காற்று சூடாகவும் தரையோரம் உறைநிலைக்குக் கீழேயும் இருந்தால் துளி தண்ணீராகவே இறங்கி, பட்ட இடத்தில் கட்டியாகிவிடுமாம். வெண்பனியை உதறலாம், இதை உதறினால் கொப்பும் சேர்ந்து வரும். அடுத்த இரவு முழுக்க மரங்கள் படீர் படீரென்று முறிந்தன. முதல் சத்தத்துக்கே நான் கட்டிலோரம் தரையில் குந்திவிட்டேன். பக்கத்து அறையில் மகளும் குந்தியிருந்தாள் என்பது காலையில்தான் தெரிந்தது. பேரன் மட்டும் நல்ல நித்திரை.

கரண்ட் போய்விட்டது. 78 சூறாவளிக்குப் பிறகு மட்டக்களப்பு கிடந்த இருட்டைக் கண்டவளுக்கு அது பெரிதில்லை, ஆனால் குளிரைத் தாங்க முடியவில்லை. பக்கத்து வீட்டில் விறகு அடுப்பு இருந்தது. அந்த வீட்டு அம்மாள் உக்ரைன் வழியில் வந்தவர். எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு இருத்திவிட்டார். உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தவக்காலம் என்பதால் மேசையில் அவிக்காத முட்டைகளும் சாயப் போத்தல்களும் தயாராக இருந்தன. இந்த வேலைக்குக் கரண்ட் தேவையில்லை, மெழுகுதிரி போதும் என்றார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் எழுதினோம்.

எழுதினோம் என்றுதான் சொல்ல வேண்டும். இப்படி மெழுகால் எழுதிச் சாயமிடும் முட்டைக்குப் பிசாங்கா என்று பெயர். அந்தப் பெயரே அவர்கள் மொழியில் எழுதுவது என்ற சொல்லிலிருந்து வந்ததாம். நாங்களும் கண்ணுக்கு மை எழுதுகிறவர்கள்தானே. கிஸ்ட்கா என்று ஒரு குச்சி, நுனியில் சின்னப் பித்தளைப் புனல். அதைச் சுடரில் காட்டி, தேன்மெழுகைக் கிள்ளி எடுத்து, முட்டையைத் திருப்பித் திருப்பிக் கோடு இழுக்க வேண்டும். புகைக்கரி கலந்து மெழுகு கறுப்பாக இறங்குவதால் எழுதியது கண்ணுக்குத் தெரியும். முதற்கோடு வெள்ளையாக நிற்கும். பிறகு மஞ்சள் சாயம், அதன்மேல் கோடு, சிவப்பு, கோடு, கடைசியாகக் கறுப்பு. அப்போது முட்டை கரிக்கட்டி போல இருக்கும். சுடரின் ஓரத்தில் காட்டித் துணியால் துடைத்தால் மெழுகு வழுகிப் போய், உள்ளே கிடந்த நிறமெல்லாம் ஒன்றாக வெளியே வரும். நான் இரண்டாம் முட்டையில் சிவப்புவரை வந்தபோது கரண்ட் வந்துவிட்டது. மகள் கிளம்பச் சொன்னாள். எனக்குக் கோபம்.

ஊருக்குத் திரும்பும்போது ஒரு கிஸ்ட்கா கொடுத்துவிட்டார். இங்கே ஐந்து முட்டையில் முயன்றேன். சாயத்தில் இறக்கியதும் கோடு செதில் செதிலாகக் கழன்று மிதக்கிறது. எங்கள் வெயில்தான் மெழுகை இளக்குகிறதா?

அக்கரைப்பற்று பத்திக்:

டீச்சர், வெயிலில் பழி போடாதீர்கள். தேன்மெழுகு உருக அறுபது பாகைக்கு மேல் சூடு வேண்டும். எந்த மெழுகு வாங்கினீர்கள்? முட்டையைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு எழுதினீர்களா?

கல்லடி டீச்சர்:

கடையில் தேன்மெழுகு என்று கொடுத்தார்கள், வெள்ளையாக இருந்தது. முட்டை பெட்டியிலிருந்துதான்.

அக்கரைப்பற்று பத்திக்:

இரண்டுமே பிழை. கடையில் தந்ததில் பரபின் கலந்திருக்கும். மெழுகிட்டுச் சீலைக்குச் சாயம் ஏற்றும் பத்திக்கில் நாங்கள் வேண்டுமென்றே பரபின் சேர்ப்போம். அது வெடித்து, வெடிப்புக்குள் சாயம் இறங்கினால்தான் சீலையில் அந்த நரம்பு நரம்பான கோடு வரும். உங்கள் முட்டைக்கு அந்த வெடிப்பு ஆகாது. விரலால் பிசைந்து பாருங்கள். தேன்மெழுகு இளகும், பரபின் பொடியாகும்.

மற்றது ஈரம். குளிர்ந்த முட்டை எங்கள் காற்றுக்கு வந்த உடனே வியர்க்கும். அந்த நீர்ப்படலத்தின் மேல்தான் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். இரவே வெளியில் வையுங்கள்.

இன்னொன்று: துணிக்குப் போடும் எங்கள் சாயத்தை முட்டைக்குக் கேட்டு வராதீர்கள். அது காரத்தில் பிடிக்கிற சாயம். முட்டைக்கு வினாகிரி சேர்க்கும் சாயம் வேண்டும்.

வந்தாறுமூலை:

முட்டை விற்கும் விலையில் ஐந்தை நாசமாக்கிவிட்டு ஆறாவதற்கு யோசனை கேட்கிறீர்களே டீச்சர்.

கல்லடி டீச்சர்:

தம்பி, ஐந்தும் பொரியலாகிவிட்டன. முதலில் இரு முனையிலும் ஊசியால் துளைத்து ஊதி எடுத்துவிட்டுத்தான் கோதில் எழுதுகிறேன். அந்த அம்மாள் முட்டையை முழுதாகவே விடுவார். உள்ளிருப்பது வருடக்கணக்கில் வற்றிவிடுமாம். நான் கொண்டுவந்ததை அப்படியே அலுமாரியில் வைத்தேன். சித்திரையில் வெடித்தது. அந்த நாற்றத்தைப் பற்றி எழுதமாட்டேன்.

ஸ்கார்பரோ மருமகன்:

2013 டிசம்பரில் ரொறன்ரோவில் இதே பனிக்கட்டி மழையில் நாங்களும் நத்தாரை இருட்டில் கழித்தோம். எங்களுக்கு முட்டை எழுதத் தர யாரும் இல்லை, சீட்டாடினோம். அல்பேர்ட்டாவில் வெக்ரெவில் என்ற ஊரில் 1975இல் நிறுத்திய பெரிய உலோகப் பிசாங்கா இருக்கிறது, காற்றடித்தால் திரும்பும். யுனெஸ்கோவும் 2024 டிசம்பரில் இந்தக் கலையைத் தன் பட்டியலில் சேர்த்தது. சாயப்பொடி இங்கே பொட்டலமாகக் கிடைக்கும். அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன், எத்தனை நிறம் வேண்டும் டீச்சர்?

கல்லடி டீச்சர்:

சிவப்பும் கறுப்பும் போதும் மகன். மஞ்சள் குசினியிலேயே இருக்கிறது. வெங்காயத்தோல் அவித்த தண்ணீர் செம்மண் நிறம் தருகிறது. நன்றாக ஆறவிட வேண்டும், சூட்டோடு முட்டையை இறக்கி ஒருமுறை கோடெல்லாம் உருகிப்போனது. ஊதிய கோது மிதக்கும், கிளாஸ் ஒன்றைக் கவிழ்த்து அமர்த்துகிறேன்.

பத்திக் தம்பி சொன்னது சரி. தேன் எடுக்கிற ஒருவரிடம் அடையோடு வாங்கி நானே உருக்கி வடித்தேன். இரவு முழுக்க மேசையில் கிடந்த முட்டை. மெழுகு அப்படியே நின்றது.

வந்தாறுமூலை:

என்ன எழுதினீர்கள்? மீனா?

கல்லடி டீச்சர்:

பாடும் மீன் ஊர் என்று இங்கே எந்தச் சுவரைப் பார்த்தாலும் மீன்தான், அதை முட்டையிலுமா? அவர்கள் கோதுமைக் கதிர் எழுதுவார்கள். நான் நெற்கதிர் எழுதினேன். கதிரைக் கொஞ்சம் தலைகுனிய வைத்தால் நெல்லாகிவிடுகிறது. அந்த அம்மாள் இன்னொன்றும் சொன்னார். எழுதும் முட்டை உலகத்தில் குறைந்துபோனால், மலைக்குள் சங்கிலியில் கட்டிவைத்த பொல்லாதது அவிழ்ந்துவிடும் என்று கார்பாத்திய மலைக்காரர்களிடம் ஒரு கதை உண்டாம். நானும் ஒன்று சேர்த்துவிட்டேன் என்று அவருக்குப் படம் அனுப்பினேன்.

ஒரு கதிர் மட்டும் நடுவில் அறுந்திருக்கிறது. மின்விசிறியைப் போட்டால் சுடர் ஆடுகிறது. நிறுத்தினால் கை வியர்வை கோதில் படுகிறது. இதற்கு யாரிடமாவது வழி உண்டா?

அக்கரைப்பற்று பத்திக்:

விடியற்காலை நான்கு மணி, டீச்சர். நாங்கள் அப்போதுதான் மெல்லிய கோடு இழுப்போம்.