தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த் பக்கம் சைகை மொழி சொல்லித்தர யாராவது உண்டா?

வணக்கம். என் பேரனுக்கு இரண்டு வயது. பிறவியிலேயே காது கேட்காது. தண்ணீர் வேண்டுமென்றால் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் குழாயடியில் நிறுத்துவான். பால் என்றாலும் அதே இழுப்புதான், ஃபிரிட்ஜ் பக்கம். ஆனால் வலியை எப்படிச் சொல்வான்? போன வாரம் இரவெல்லாம் அழுதான். பல்லா வயிறா என்று விடியும்வரை தெரியவில்லை.

சென்னையிலிருந்து உறவுக்காரப் பெண் வீடியோக்கள் அனுப்பினாள். அது இந்திய சைகை மொழி, இங்குள்ளது வேறு. 2023இல் தென்னாப்பிரிக்க சைகை மொழி நாட்டின் 12ஆவது ஆட்சிமொழி ஆனது, சரி, எங்கள் வீட்டுக்குள் இன்னும் வரவில்லையே!

வீட்டுக்கே வந்து சொல்லித்தர, முடிந்தால் காது கேளாதவர் ஒருவரே, யாராவது கிடைப்பார்களா? சனிக்கிழமை மதியம் எல்லோரும் இருப்போம். தாத்தாவும் கற்றுக்கொள்ளத் தயார், விரல்தான் கொஞ்சம் மடங்காது.