வார்டு எண் அதேதான், எல்லை வேறு: நகரத்தின் திறந்தநிலைத் தரவைக் கையாண்ட அனுபவங்கள்

அம்மாப்பேட்டையிலிருந்து ஓர் உறுப்பினர்:

அரசுத் தளத்தில் கட்டணமில்லாமல் கிடைக்கும் ஓர் அட்டவணையை எடுத்துக் கையாளுவதில் என்ன சிக்கல் வந்துவிடப் போகிறது என்ற நினைப்பில்தான் நானும் இறங்கினேன். எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் கூடுதல் பொதுக் குடிநீர்க் குழாய் கேட்டு மனுக் கொடுப்பதென்று முடிவாகியிருந்தது. வெறும் குறையாகச் சொன்னால் நூற்றோடு நூற்றொன்றாகப் போய்விடும் என்று கருதி, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வார்டு வாரியான அட்டவணையை இறக்கி, சேலம் மாநகராட்சியின் 60 வார்டுகளையும் வரைபடத்தில் வண்ணம் தீட்டி, ஒவ்வொன்றின் மீதும் மக்கள்தொகையைப் பதித்தேன். எடுப்பாக இருக்கட்டும் என்று மூலையில் மாநகராட்சியின் சின்னத்தையும் வைத்து, ஐம்பது படிகள் அச்சடித்துத் தெருவில் ஒட்டினோம்.

பகுதி சபைக் கூட்டத்தில் அந்தத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்த ஓர் அம்மையார், "இது பழைய வார்டுங்களா, புது வார்டுங்களா?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. தமிழ்நாட்டில் உள்ளாட்சி வார்டுகளின் எல்லைகளைத் திருத்தி வரைவதற்காக 2017இல் மறுவரையறை ஆணையம் அமைக்கப்பட்டது. அது வரைந்த எல்லைகளின்படியே 2022 மாநகராட்சித் தேர்தல் நடந்தது. அட்டவணையில் இருந்த எண்களோ 2011இல் இருந்த எல்லைகளுக்கு உரியவை. வார்டுகளின் எண்ணிக்கை 60 என்பது மாறாமலே இருந்ததால் எனக்கு ஐயமே எழவில்லை. ஒன்றிரண்டு கூடியோ குறைந்தோ இருந்திருந்தால் அட்டவணையும் வரைபடமும் பொருந்தாமல் அங்கேயே விழித்திருப்பேன். புதிய வரைபடத்தின் மீது பழைய தலைக்கணக்கைக் கொட்டிவிட்டு, எங்கள் வார்டில் இத்தனை ஆயிரம் பேர் என்று அடித்துப் பேசிக்கொண்டிருந்தேன்.

சின்னத்தின் கதை இன்னும் வேடிக்கையானது. தாள் ஒட்டிய மறுநாளே இரண்டு பேர் என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்து, சொத்துவரிப் பெயர் மாற்றத்துக்கு என்னென்ன சான்று வேண்டும் என்று விசாரித்தார்கள். சங்கத்தின் தொடர்பு எண் கீழேயும் மாநகராட்சியின் சின்னம் மேலேயும் இருந்தால், அவர்கள் வேறு என்னதான் நினைப்பார்கள்?

அதன் பிறகுதான், அந்த அட்டவணையை எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் உரிமத்தை முதல் வரியிலிருந்து படித்தேன். 2012இல் வந்த தேசியத் தரவுப் பகிர்வு மற்றும் அணுகல் கொள்கையின் தொடர்ச்சியாக, இந்திய அரசின் திறந்தநிலைத் தரவு உரிமம் 2017இல் அறிவிக்கப்பட்டது. அதன்படி தரவை வணிக நோக்கத்துக்கும் பிற நோக்கத்துக்கும் பயன்படுத்தலாம், மாற்றலாம், வேறு தரவோடு சேர்க்கலாம். இந்தத் தாராளத்தை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் தரவை வழங்கியவர் யார், வெளியிட்ட ஆண்டு எது, தரவுத் தொகுப்பின் பெயர் என்ன, எந்தத் தளம், எந்த முகவரி, எந்த உரிமம் என்பனவற்றைக் குறிப்பிட வேண்டும். அரசே நம் பணியை ஒப்புக்கொண்டதுபோன்ற தோற்றத்தை உண்டாக்கக் கூடாது. பெயர்களும் சின்னங்களும் இலச்சினைகளும் இந்த உரிமத்துக்குள் அடங்கவே அடங்கா. தரவில் பிழை இருந்தாலும், நாளை அது புதுப்பிக்கப்படாமல் நின்றுபோனாலும் வழங்கியவர் பொறுப்பேற்கமாட்டார் என்பதையும் அங்கேயே எழுதிவைத்திருக்கிறார்கள். ஆண்டைக் குறிப்பிடச் சொல்லும் அந்த ஒரு நிபந்தனையை நான் மதித்திருந்தால், "2011" என்ற எண் தாளிலேயே அச்சாகியிருக்கும். கூட்டத்தில் விழித்துக்கொண்டு நிற்க நேர்ந்திருக்காது.

ஏற்காட்டிலிருந்து ஓர் உறுப்பினர்:

ஐயா, நான் அரசுத் தரவில் இடறவில்லை, பொதுமக்களே சேர்ந்து உருவாக்கும் இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இடறினேன். அடிவாரத்திலிருந்து ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சாலையிலும் குப்பனூர் வழிச் சாலையிலும், பேருந்து எங்கெங்கே உண்மையில் நிற்கிறது என்று பல வாரங்கள் குறிப்பெடுத்து, அந்தத் தளத்தின் தரவோடு கலந்து ஒரே கோப்பாக்கினேன். விடுதி நடத்தும் நண்பர் ஒருவர் அதை விலைக்குக் கேட்டார். உழைப்பு என்னுடையதுதானே என்று நானும் தலையாட்டிவிட்டேன்.

அந்தத் தரவுக்குரிய உரிமம் வேறு வகையானது. அதிலிருந்து வரைபடம் ஒன்றை அச்சிட்டு விற்பதாக இருந்தால், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்களுக்கு உரியது என்ற குறிப்பும் உரிமத்தின் பெயரும் இருந்தால் போதும். தரவுத்தளத்தையே மாற்றி வெளியாருக்குக் கொடுத்தாலோ, மாற்றிய தரவுத்தளத்தையும் அதே உரிமத்தின் கீழ்த்தான் கொடுக்க வேண்டும். அதாவது என் நண்பர் பணம் கொடுத்து வாங்கினாலும், அதை மற்றவருக்கு வழங்க அவருக்கு உரிமை உண்டு, நான் தடுக்க முடியாது. இதை விளக்கிச் சொன்னதும், கோப்பு வேண்டாம், வரைபடத்தை மட்டும் சட்டமிட்டுக் கொடுங்கள் என்று கூறிவிட்டார். இப்போது அது அவருடைய வரவேற்பறையில், வலது மூலையில் பொடி எழுத்துக் குறிப்போடு தொங்குகிறது.

கொண்டலாம்பட்டியிலிருந்து ஓர் உறுப்பினர்:

தளத்தில் இல்லாத தரவைக் கேட்டுப் பெறுவதும் இதன் ஒரு பகுதிதான் என்பதால் எழுதுகிறேன். எங்கள் பகுதித் தெருவிளக்குகளின் பட்டியலை, தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் 6ஆம் பிரிவின் கீழ், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஓர் அலுவலகத்தில் கேட்டேன். முப்பது நாளுக்குள் பதில் வந்தது, ஆனால் பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் கட்டி வாங்கிய காகிதக் கட்டாக வந்தது. கேட்ட வடிவத்திலேயே தகவலைத் தருவதுதான் வழக்கமாக இருக்க வேண்டும், அலுவலகத்தின் வளங்களை அளவுமீறித் திசைதிருப்பும் என்றாலோ ஆவணத்தின் பாதுகாப்புக்குக் கேடு என்றாலோ மட்டுமே விலக்கு என்று 7(9) பிரிவு சொல்வதை எடுத்துக்காட்டி, பதில் கிடைத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்தேன். குறுந்தகட்டில் கோப்பு வந்து சேர்ந்தது. வெற்றி என்று திறந்து பார்த்தால், தெருப்பெயர்கள் எல்லாம் பழைய வானவில் எழுத்துருவில் இருந்தன. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்கு மாற்றிய பிறகுதான் கண்ணால் படிக்க முடிந்தது.

அந்தக் கோப்பிலேயே புகார் கொடுத்தவர்களின் பெயரும் கைப்பேசி எண்ணும் ஒரு பத்தியில் அப்படியே கிடந்தன. நான் அவற்றைக் கேட்கவில்லை. கைக்கு வந்துவிட்டது என்பதற்காகத் தனிமனிதரின் விவரத்தை வெளியிட நமக்கு உரிமை வந்துவிடுவதில்லை. திறந்தநிலைத் தரவு உரிமமும் தனிநபர் விவரங்களை வெளியே நிறுத்துகிறது, 2023இன் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேறு இருக்கிறது. அந்தப் பத்தியை நீக்கிய பிறகே கோப்பை நண்பர்களுக்கு அனுப்பினேன். அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். அதற்கு இன்னும் பதில் இல்லை.

அம்மாப்பேட்டை உறுப்பினர்:

கொண்டலாம்பட்டி நண்பருக்கு நன்றி. புதிய எல்லை எந்தெந்தத் தெரு வழியே போகிறது என்ற விவரத்தை மறுவரையறை அறிவிக்கையிலிருந்து எடுத்து, எங்கள் வார்டுக்கு மட்டும் வீடு வீடாக எண்ணி வருகிறோம். பாதித் தெருக்கள் முடிந்திருக்கின்றன. புதிய தாளில் சின்னம் கிடையாது. "இது சங்கம் எடுத்த கணக்கு" என்ற வரி தலைப்புக்கு அடுத்தபடியாகப் பெரிய எழுத்தில் வருகிறது.